குழல் சாமி விழுங்காத சம்பல்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் அந்த மாதம் யாருக்கும் சாதாரண வயிற்றெரிச்சல் வரவில்லை. வந்ததெல்லாம் செய்வினை.

காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கிளாஸ் தே தாரிக் டீ. பத்து மணிக்கு மிளகாய்ச் சம்பல் வழிய வழிய நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு. மத்தியானம் நாசி கண்டார் சோறு, அதிலும் நாலு வகைக் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்லி, மேலே ஒரு கோழிக்கால். சாயங்காலம் எண்ணெயில் வறுத்த மீ கோரெங் நூடுல்ஸ். அப்புறம் படுத்தால் நெஞ்சில் நெருப்பு. ஏன்? விவரமில்லாதவன் குழம்பைச் சொல்வான். நம் ஆட்கள் அப்படி அவசரப்பட்டுக் குழம்பின்மேல் பழி போடமாட்டார்கள். "யாரோ மருந்து வச்சிட்டாங்க" என்பார்கள்.

இது ஃபார்மசியில் விற்கும் மருந்து அல்ல. சோற்றில் ரகசியமாகக் கலந்து கொடுக்கிற மந்திர மருந்து. உள்ளே போய்க் குடலில் ஒட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் குடியிருக்குமாம். ஸ்கோப் விட்டுப் பார்க்கும் டாக்டரின் கண்ணுக்குத் தெரியாதாம். குழல் சாமியின் கண்ணுக்கு மட்டும் சட்டைக்கு மேலேயே தெரியும்.

குழல் சாமி, லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியை வாடகைக்கு எடுத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் பார்வை. பட்டர்வொர்த் பக்கத்து ஜனங்கள் ஃபெரியில் வந்து இறங்கி நேரே அங்கேதான் ஓடினார்கள். வரிசை மாடிப்படியில் தொடங்கிக் கடை வாசலின் ஐந்தடிப் பாதை வரை நீண்டது. டோக்கன் உண்டு. காணிக்கை நூற்றெட்டு வெள்ளி, அதாவது ரிங்கிட். ரசீது கேட்பவன் பக்தன் இல்லை.

சாமியாவதற்கு முன்னால் அவர் பெயர் மோகனராஜ். புக்கிட் மெர்தாஜாமில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டி விற்றவர். அப்போது குழாயில் அழுக்கு இருக்கிறது என்று பயமுறுத்தினார். இப்போது குடலில் இருக்கிறது என்கிறார். தொழிலை ரொம்ப மாற்றிக்கொள்ளவில்லை.

வைத்தியம் இப்படி நடக்கும். ஆசாமி பாயில் படுத்துச் சட்டையைத் தூக்கவேண்டும். டுரியான் வாங்குகிறவர் மாதிரி சாமி வயிற்றைத் தட்டிப் பார்ப்பார். அப்போது அவர் பேசுகிற பேச்சு இருக்கிறதே, வானொலி தோற்றுவிடும். பிறகு குருவிடம் உத்தரவு கேட்கத் திரைக்குப் பின்னால் போவார். திரும்பி வரும்போது மௌனம். "சாமி மௌனத்துல இருக்காரு, யாரும் பேச்சுக் குடுக்காதீங்க" என்று உதவியாள் கோகிலன் அதட்டுவார். தொப்புளில் ஒரு பித்தளைக் குழலை வைத்துச் சாமி உறிஞ்சுவார். எனாமல் பேசின் பாத்திரத்தில் துப்புவார். கறுப்பாக, பிசுபிசுவென்று, தலைமுடி சுற்றிய ஓர் உருண்டை விழும். கூட்டம் "ஐயோ" என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும். அதற்கப்புறம்தான் சாமிக்குப் பேச்சு வரும்.

"வச்சது பொம்பள. சமைக்கிற கை."

ஆயிரம் வயிறு பார்த்தவர், ஒரு தடவைகூட ஓர் ஆம்பளையின் கையைச் சொன்னதில்லை. நம் வீடுகளில் கரண்டி யார் கையில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ஞானதிருஷ்டி வேண்டுமா என்ன?

கடைசியில் பத்தியம். நாற்பத்தெட்டு நாளைக்கு மிளகாய் கூடாது, புளி கூடாது, எண்ணெய் கூடாது, காப்பி கூடாது, வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. கிளினிக் டாக்டரும் இதையேதான் சொல்கிறார். ஆனால் அவர் பாவம், முடி சுற்றிய உருண்டை எதையும் எடுத்துக் காட்டுவதில்லை. அதனால் யாரும் கேட்பதில்லை. சாமியின் பத்தியத்தைக் காத்தவனுக்கு வயிறு ஆறிவிடும், அது குழலின் மகிமை. பன்னிரண்டாம் நாள் வாய் சும்மா இல்லாமல் சம்பலைத் தொட்டவனுக்குத் திரும்ப எரியும். "மறுபடி வச்சிட்டா" என்பார் சாமி. இன்னொரு டோக்கன்.

இந்தக் கூத்தில்தான் நவமணியின் பிழைப்பு மாட்டிக்கொண்டது.

நவமணி, பினாங்கு ரோட்டுக்குப் பின்புறம் ஒரு காப்பிக்கடையில் இருபது வருஷமாகச் சோற்றுக்கடை போட்டிருக்கிறார். அவருடைய சம்பலில் சிலி பாடி என்கிற ஊசிமிளகாய் தாராளமாக விழும். சாப்பிடுகிறவர்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே இன்னொரு கரண்டி கேட்பார்கள். கணவர் முனுசாமி தொழிற்சாலையில் சூப்பர்வைசர். அவருக்கு எரிகிற வயிறு. எரியவைக்கிறதைத்தான் நாக்கு கேட்கும். ஒரு வெள்ளிக்கிழமை அவரும் போய்ப் பாயில் படுத்தார். உருண்டை விழுந்தது. "சமைக்கிற கை" என்றார் சாமி. முனுசாமி வீட்டில் சமைக்கிற கை ஒன்றுதான். அதே கைதான் பாதித் தெருவுக்கும் சமைத்துப் போடுகிறது.

அன்றிலிருந்து முனுசாமி வீட்டில் சாப்பிடவில்லை. பத்தியத்துக்காவது வெளியே கஞ்சி குடித்தாரா? இல்லை. நேரே நாசி கண்டார் கடைக்குப் போய்க் குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொன்னார். எரிச்சல் இரட்டிப்பானது. "பாத்தியா, எவ்ளோ பலமான மருந்து" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கட்டிய புருஷனே சாப்பிடாத சோற்றை மற்றவர்கள் சாப்பிடுவார்களா? ஒரே வாரத்தில் நவமணியின் கடையில் ஈயாடியது. மத்தியானம் தூக்கிப்போன சட்டிகள் சாயங்காலம் அப்படியே நிறைய வீடு திரும்பின.

கடைக்குப் போகாதவர்களில் நானும் ஒருவன். மறைக்க விரும்பவில்லை. காப்புறுதி அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பொய் இன்சூரன்ஸ் கோரிக்கை எது என்று மோப்பம் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அப்பேர்ப்பட்ட நான், அதே காப்பிக்கடையில் நாலு மேசை தள்ளி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, பக்கத்துக் கடையின் மீ சூப்பை உறிஞ்சினேன். செய்வினையை நான் நம்பவில்லை. இருந்தாலும் எதற்கு வம்பு என்று நினைத்தேன். நம்பாதவனின் கோழைத்தனம் நம்புகிறவனின் முட்டாள்தனத்தைவிட அசிங்கம் என்று இப்போது தோன்றுகிறது.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், வீட்டுச் சாவி வாங்க முனுசாமி கடைக்கு வந்தார். நவமணி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"இருபத்திமூனு வருஷம் என் கையால சாப்பிட்டீங்க. இப்ப என்னா வந்துச்சு?"

"நீ வேணும்னு வச்சேன்னு நான் சொல்லலைலா. உனக்கே தெரியாமகூட வச்சிருக்கலாம்."

"எனக்கே தெரியாம நான் எப்படிங்க வைப்பேன்?"

"அதெல்லாம் சாமிக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழம மறுபடி வரச் சொல்லியிருக்காரு."

"நானும் வரேன்."

"நீ வந்தா சாமி கோவிப்பாரு."

"கோவிக்கட்டும். ஏவாரம் இல்லன்னா மாசக் கடைசியில எடத்தக் காலி பண்ணுன்னு காப்பிக்கட மொதலாளி தவுக்கே சொல்லிட்டாரு. என் கடை போறதா இருக்கறதான்னு அங்கதான் தெரியணும்."

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு நானும் மாடியேறினேன். கூட்டத்தில் வேடிக்கை பார்க்கிறவனுக்கு மட்டும் எப்போதும் துணிச்சல் உண்டு.

நவமணி முன்வரிசையில், மடியில் ஒரு தூக்குச் சட்டியோடு உட்கார்ந்திருந்தார். காணிக்கைப் பழம் என்று எல்லோரும் நினைத்தார்கள். முதல் ஆளுக்கு வைத்தியம் நடந்தது. மொத்தக் கூட்டமும் பேசினைப் பார்த்தது. நவமணி மட்டும் சாமியின் முகத்தைப் பார்த்தார். இருபது வருஷமாகச் சாப்பிடுகிற முகங்களைப் பார்ப்பதுதானே அவர் வேலை. யாருக்குத் தொண்டையில் முள் சிக்கியது, யார் பிடிக்காத காயைக் கன்னத்தில் ஒதுக்குகிறார் என்பதெல்லாம் அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிடுவார்.

அடுத்தது முனுசாமி. சட்டையைத் தூக்கிக்கொண்டு படுத்தார். சாமி தட்டினார், பேசினார், பேசினார், திரைக்குப் பின்னால் போனார், திரும்பி வந்தார். மௌனம். குழலைக் கையில் எடுத்தார்.

நவமணி எழுந்தார்.

"சாமி, ஒரு நிமிஷம். என் கையால மருந்து வச்சேன்னு சொன்னீங்க. இது அதே கை. இது அதே சம்பல். ஒரு வாய் சாப்பிட்டுட்டு அப்புறம் எடுங்க."

கோகிலன் பாய்ந்து வந்தார். "சாமி மௌனத்துல இருக்காரும்மா!"

"பேசச் சொல்லலியே. சாப்பிடத்தானே சொல்றேன்."

"விரதம்மா, விரதம்!"

"அப்ப தண்ணி குடிக்கட்டும். வாயக் கொப்பளிச்சுட்டு ஆரம்பிக்கட்டும். தண்ணிக்கு ஏதுங்க விரதம்?"

சாமி கண்ணை மூடி மேலே கையைக் காட்டினார். கூட்டம் முணுமுணுத்தது. கெலுகோரிலிருந்து வாராவாரம் வருகிற பிரமிளாக்கா, சாமியின் பரம பக்தை, பொறுக்க முடியாமல் எழுந்தார். நவமணியை விரட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"சாப்பிட்டுக் காட்டுங்க சாமி! உங்க முன்னால அவ மருந்து பலிக்குமா? அவ வாய அடைங்க!"

"அதானேக்கா" என்றார் நவமணி. "உள்ள போனாலும் என்னா பயம்? எடுக்கத்தான் குழல் இருக்கே!"

கூட்டத்துக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "சாப்பிடுங்க சாமி! சாப்பிடுங்க சாமி!" என்று கைதட்டத் தொடங்கியது. பகைவனிடமிருந்து தப்பலாம், பக்தர்களிடமிருந்து எங்கே தப்புவது? சாமியின் நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்து வழிந்தது. வேறு வழியில்லாமல் உதட்டை ஒரு விரல் அகலம் திறந்தார். நவமணி ஒரு கரண்டிச் சம்பலை, குழந்தைக்கு ஊட்டுவதுபோல், அதில் தள்ளினார்.

சிலி பாடிக்குச் சாமி என்றும் ஆசாமி என்றும் தெரியாது. மூன்று விநாடி சாமி தாக்குப்பிடித்தார். கண் சிவந்தது. காது சிவந்தது. ஒரு விக்கல். இரண்டாவது விக்கல். பிறகு மாடியே அதிரும்படி ஓர் இருமல். இடது கன்னத்திலிருந்து கறுப்பாக, பிசுபிசுவென்று, முடி சுற்றிய உருண்டை ஒன்று பறந்துவந்து முனுசாமியின் தொப்புளில் உட்கார்ந்தது.

மருந்து வயிற்றிலிருந்து வெளியே வந்துதான் கூட்டம் பார்த்திருக்கிறது. வெளியிலிருந்து வயிற்றுக்கு வந்தது அன்றுதான்.

"ஐயோ, சாமிக்கே மருந்து வச்சிட்டா!" என்று அலறினார் பிரமிளாக்கா.

"அக்கா, நான் குடுத்தது செவப்பு. விழுந்தது கறுப்பு. அஞ்சு விநாடியில சம்பலுக்கு முடி மொளைக்குமா? குழல இன்னும் வயித்துல வைக்கவே இல்லியே. அப்ப அது எந்த வயித்துலேருந்து வந்துச்சு?"

முனுசாமி தொப்புளிலிருந்ததை எடுத்து முகர்ந்து பார்த்தார். என்ன இருந்தாலும் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவர்.

"இது பனவெல்லம்லா! குலா மெலாக்கா!"

சட்டையை இறக்கக்கூட மறந்து, எழுந்துபோய்த் திரையை இழுத்தார். குரு இல்லை. ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் பிளாஸ்டிக் தாளில் சுற்றிய உருண்டைகள், தீபாவளிப் பலகாரம் மாதிரி வரிசையாக. காத்திருந்த டோக்கன்கள் பதினேழு. உருண்டைகளும் பதினேழு. வயிற்றில் இருப்பதைச் சாமி காலையிலேயே உருட்டி வைத்திருந்தார்.

சாமி தரையில் உட்கார்ந்து நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தார். "கோகிலா, அந்தப் போத்தல்... சீக்கிரம்லா... எனக்கு கேஸ்ட்ரிக் இருக்கு!" கோகிலன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஃபார்மசியில் விற்கும் வெள்ளை மருந்து. சாமி அதைப் போத்தலோடு வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

"உங்களுக்கு எந்தப் பொம்பள வச்சா, சாமி?" என்று கேட்டார் நவமணி.

முதல் சிரிப்பு பெண்கள் பக்கமிருந்துதான் வந்தது. மருந்து வைத்தவள் என்று புருஷனோ பிள்ளையோ இழுத்துவந்து நிறுத்தியிருந்த பெண்கள் அங்கே பத்துப் பேராவது இருப்பார்கள். அவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். சிலருக்கு அது சிரிப்பு மட்டுமில்லை. ஆண்கள் எல்லோரும் தரையில் எதையோ தேடினார்கள். யாரோ போன் பண்ண, போலீஸ் வந்து சாமியையும் டின்னையும் கொண்டுபோனது.

முனுசாமி கிளினிக்குக்குப் போனார். குடலில் புண் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்தார், மிளகாய் கூடாது, காப்பி கூடாது, வெறும் வயிறு கூடாது என்றார். முனுசாமி இப்போது கடையில் வந்து உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும் நவமணியின் கையால் வாங்கி, தயிர்சோறு சாப்பிடுகிறார். பக்கத்துத் தட்டின் சம்பலைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். நவமணி ஒரு சொட்டு வைப்பதில்லை. அந்தத் தண்டனை எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. தவுக்கே இடத்தைக் காலி பண்ணச் சொன்ன பேச்சையே மறந்துவிட்டார். பிரமிளாக்கா மட்டும் அசரவில்லை. குழல் சாமி போலியாம், பட்டர்வொர்த்தில் எலுமிச்சம்பழம் வைத்து எடுக்கிற ஒருத்தர் இருக்கிறாராம், அவர்தான் அசலாம்.

திங்கட்கிழமை நானும் போய் நவமணியின் கடை முன்னால் நின்றேன்.

"ரொம்ப நாளா காணோமே, அண்ணே?"

"கொஞ்சம் வயிறு சரியில்லம்மா" என்று வாய் கூசாமல் சொன்னேன். "இன்னிக்கு மீன் என்ன மீன்? புதுசா? நேத்து மீன் இல்லியே?"

நவமணி சோற்றைப் போட்டு, மீனை வைத்து, சம்பலை ஓரத்தில் விட்டுத் தட்டை என் பக்கம் தள்ளினார். அவர் சிரிக்கவில்லை.

"மீன் வாங்குறப்ப செவுளத் தூக்கிப் பாக்குறீங்க, கண்ண அமுக்கிப் பாக்குறீங்க, பத்துக் கேள்வி கேக்குறீங்க. அந்த ஆள ஒரு தடவ வாயத் தொறந்து காட்டச் சொல்ல இந்த ஊர்ல ஒருத்தருக்குக்கூடத் தோணலியே, அண்ணே?"