சமதரத்தார்

வீடு கட்டி விற்பவர்களில் ஓர் இனம் உண்டு. நான் அவர்களுக்கு வைத்திருக்கும் பெயர் சமதரத்தார். சொன்ன பொருளை மட்டும் போடமாட்டார். அதற்குச் சமமானதைப் போடுவார். எதற்கு எது சமம் என்று யார் தீர்மானிப்பது? அவரேதான். ஒப்பந்தத்தின் பதினான்காம் பக்கத்தில், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாலும் தெரியாத பொடி எழுத்தில், 'குறிப்பிட்ட பொருள் கிடைக்காத பட்சத்தில், சம தரமென்று நிறுவனம் கருதும் வேறு பொருள் பயன்படுத்தப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அவர் கட்டும் வீட்டுக்கு அஸ்திவாரம் என்பது அந்த வரிதான்.

கையெழுத்துக்கு முன்னால் அவரைப் பார்க்க வேண்டுமே! மாதிரி வீட்டுக்கு அழைத்துப் போய், தேக்குக் கதவைத் தட்டிக் காட்டி, குழாயைத் திறந்து மூடி, அலமாரியை ஒற்றை விரலால் இழுத்து, "சும்மா தொட்டுப் பாருங்க சார்" என்று நம் கையைப் பிடித்துச் சுவரிலும் வைத்துவிடுவார். சாவி கொடுக்கும் நாளில் தேக்கு வேறேதோ மரமாகியிருக்கும். கேட்டுப் பாருங்கள். "அதுவும் மரம், இதுவும் மரம். சமம்தானே சார்?"

என் தங்கை மாட்டிக்கொண்டது இப்படி ஒருவரிடம்தான். அவளுடைய மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் செய்து, கைத்தடியோடு நடப்பவர். அதனால் புது வீட்டில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: வழுக்காத குளியலறைத் தரை. மாதிரி வீட்டில் செருப்பைக் கழற்றி, ஒவ்வொரு கல்லிலும் தண்ணீர் ஊற்றி ஏறி நின்று பார்த்து, சொரசொரப்பான சாம்பல் நிறக் கல்லைத் தேர்ந்தெடுத்தாள். ஒப்பந்தத்தில் எழுதவும் வைத்தாள். "ஒரு வரி விடாம படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று கணவரிடம் சொல்லியும் அனுப்பினாள். "படிச்சிட்டேன்" என்று திரும்பி வந்தார் அவர்.

தங்கையும் கணவரும் மாமனாரும் சாவி வாங்கப் போன அன்று நானும் கூடப் போயிருந்தேன். குளியலறைத் தரை வெள்ளை வெளேரென்று, குனிந்தால் தலை வாரிக்கொள்ளலாம் போல இருந்தது.

"இது வழுக்குமே!" என்றாள் தங்கை.

"அந்தச் சாம்பல் கல் ஸ்டாக் இல்ல மேடம். இது அதுக்குச் சமம். பாருங்க, எப்படிப் பளபளக்குது!"

"பளபளப்ப வச்சு நான் என்ன பண்றது? மாமா விழுந்தா?"

"அதையும் யோசிச்சிட்டோம்" என்று சமதரத்தார் பையிலிருந்து ஒரு ரப்பர் விரிப்பை எடுத்தார். நட்டநடுவில் நிறுவனத்தின் பெயர். "எங்க அன்பளிப்பு."

எனக்கு வந்த ஆத்திரத்தில், தரையை நனைத்து அவரையே அதில் ஓடவிட்டிருப்பேன். பெரியவர் மட்டும் வாசற்படியில் நின்றபடி கைத்தடியை நீட்டித் தரையில் ஊன்றிப் பார்த்தார். அது சறுக்கியது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இழுத்துக்கொண்டார். "பரவாயில்லம்மா, நான் பாத்து நடந்துக்கறேன்" என்றார்.

தங்கை கணவர் பக்கம் திரும்பினாள். "பூராவும் படிச்சேன்னு சொன்னீங்களே?"

"படிச்சேன்... அதாவது, புரட்டிப் பாத்தேன்."

"புரட்டறதும் படிக்கறதும் ஒண்ணா?"

சமதரத்தாரின் முகம் மலர்ந்தது. கூட்டத்தில் சொந்தக்காரரைக் கண்டுகொண்ட மலர்ச்சி. "சார் சொல்றது சரிதான் மேடம். ரெண்டும் சமம்தான்."

சிரிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். 'ஞாயித்துக்கிழமை நானே வந்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்ப்பா' என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வாடகைக் காரை மட்டும் அனுப்பிவைத்தது யார்? நல்ல வண்டி, ஏசி உண்டு, ஓட்டுநர் உங்களைவிட நிதானமாகவே ஓட்டுவார், எல்லாம் சரி. அப்பா வாசலுக்கு வந்து, குனிந்து, பின் சீட்டில் உங்களைத் தேடிவிட்டுத்தான் ஏறினார்.