பதினான்கு பூஜ்யங்கள்

கடலோரத்தில் பொற்கிரி என்றொரு நாடு இருந்தது. அங்கே பொன்னும் இல்லை, கிரியும் இல்லை. பெயருக்கு மட்டும் அன்று வரி போடவில்லை என்பதால் அப்படி வைத்துக்கொண்டார்கள்.

அந்நாட்டுத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அரியநாயகம். மாலுமிகளிடம் வாங்கிய செல்லாத வெளிநாட்டு நோட்டுகளை ஆல்பத்தில் சேர்த்துவந்தார். அவருக்கும் அயல்நாடுகளில் இருந்த அவரது சேகரிப்பு நண்பர்களுக்கும் விதி ஒன்றுதான்: உயிரோடிருக்கும் நோட்டுக்கு ஆல்பத்தில் இடமில்லை. ஒவ்வொரு நோட்டின் கீழும், அது சாகும் முன் அந்நாட்டு ஆட்சியாளர்கள் கடைசியாக முழங்கிய வாக்கியத்தைச் சீட்டில் எழுதி ஒட்டுவார்.

செய்தி அரண்மனைக்கு எட்ட, ஆல்பத்தோடு அவரை வரவழைத்தார்கள். ஆல்பத்தைப் புரட்டிய மன்னர் விண்முட்டி அதிர்ந்துபோனார்.

"இந்த நோட்டில் பதினான்கு பூஜ்யம்! நம்முடையதில் இரண்டே இரண்டா?"

"மானக்கேடு, பெருமானே," என்றார் நிதியமைச்சர் கோமளேசர்.

அரியநாயகம் பதறினார். "ஐயா, அதைச் சாக்குல கட்டிட்டுப் போனாலும் அந்த ஊர்ல ஒரு முட்டை கிடைக்கலைங்க!"

"முட்டை, கோழி வளர்க்காதவர்களின் பிரச்சினை," என்றார் கோமளேசர்.

மறுநாளே எல்லா நோட்டுக்கும் பன்னிரண்டு பூஜ்யங்கள் கூடின. விலையும் கூடவே ஏறியது. விலை சொல்பவருக்குச் சிறை என்று அடுத்த ஆணை வந்தது. கடைக்காரர்கள் வாயை மூடினார்கள், பிறகு கடையை மூடினார்கள். பழைய நோட்டெல்லாம் இன்றோடு செல்லாது என்பது மூன்றாவது ஆணை. அரியநாயகம் ஆல்பத்தின் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். அவருடைய ஆல்பத்தைத்தான் பக்கம் பக்கமாகச் சட்டமாக்கிக்கொண்டிருந்தார்கள்!

வீட்டில் மனைவி தேவகுஞ்சரிக்கு மூச்சுத்திணறல். மருந்துக்கடைக்காரர் பின்கதவை லேசாகத் திறந்து, அரியநாயகம் நீட்டிய புது நோட்டுகளைத் தள்ளிவிட்டார்.

"பொட்டலம் மடிக்கக் காகிதம் நிறைய இருக்குங்க. அரிசி இருந்தா கொண்டாங்க."

வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கப்பலில் ஒரு பார்சல் வந்திருந்தது. மனைவியின் நோயைக் கடிதங்களில் அறிந்திருந்த அயல்நாட்டுச் சேகரிப்பு நண்பர் ஒருவர் அனுப்பியது. உள்ளே மனைவியின் மருந்து, மூன்று மாதத்துக்கு. கூடவே ஒரு கடிதம்: "பதிலுக்கு உங்கள் நாட்டு நோட்டு ஒன்று அனுப்புங்கள். என் ஆல்பத்துக்கு."

மருந்து கிடைத்த சந்தோஷத்தில் கையெடுத்துக் கும்பிட்டவர், கடைசி வரியை மறுபடி படித்தார். இருபது வருட நட்பில் அந்த மனிதர் உயிருள்ள நோட்டு ஒன்றைக்கூடக் கேட்டதில்லை.

அப்படிப்பட்ட கடிதங்கள் அரண்மனைக்கும் மூட்டை மூட்டையாக வந்தன. கோட்டையில் வாணவேடிக்கை நடந்தது. கோமளேசர் மாடத்தில் ஏறி முழங்கினார்: "உலகமே நம் நோட்டைக் கேட்கிறது!"

மருந்து உள்ளே போனதும் தேவகுஞ்சரிக்குப் பேச்சு வந்தது. "என்னங்க எழுதுறீங்க?"

"அமைச்சர் இப்ப பேசினதை."

பொற்கிரி நோட்டை ஆல்பத்தில் வைத்து, கீழே அந்தச் சீட்டை ஒட்டினார். அதற்குப் பிறகும் ஆல்பத்தில் சில பக்கங்கள் காலியாக இருந்தன.