சாமி காலில் வந்த கதை

கண்ணாடியை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. அதிலும் மார்பு வரை மட்டுமே காட்டும் கண்ணாடியை நம்பவே கூடாது. எங்கள் வீட்டில் இருந்தது அப்படிப்பட்ட கண்ணாடிதான். காலையில் கர்லாக் கட்டை சுற்றிவிட்டு அதன் முன்னால் போய் நிற்பேன். தோள் தெரியும், மார்பு தெரியும், முறுக்கிய மீசை தெரியும். அதற்குக் கீழே இரண்டு கால்கள் இருக்கின்றன, அவையும் என்னுடையவைதான் என்ற நினைப்பே எனக்கு வந்ததில்லை.

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் அது. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லாவில் இருந்தது. ஊரை ஒட்டி எங்களுக்குக் கொஞ்சம் நிலம். உழ ஆள் இருந்தது (எனக்கு மீசை முறுக்க நேரம் இருந்தது). பொதட்டூர்பேட்டையில் தறி வைத்திருந்த என் தாய்மாமனுக்கு ஒரே மகள், தேசம்மா. அவளைத்தான் கட்டுவேன் என்று நான் எப்போதோ தீர்மானித்துவிட்டேன். மாமாதான் தீர்மானிக்கவில்லை. அரக்கோணத்தில் ரயில்வே வேலையிலிருந்த ஒரு பையனும் பெண் கேட்டுக்கொண்டிருந்தான்.

சின்ன வயதில் எனக்கு வந்த விஷக் காய்ச்சலின்போது, பிள்ளை பிழைத்தால் காவடி எடுப்பான் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். அந்த வருடம் ஆடிக் கிருத்திகைக்கு அதைச் செலுத்துவதாக முடிவாயிற்று. மாமா குடும்பத்தோடு வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பினார். விட்டுவிடுவேனா? இருப்பதிலேயே பெரிய காவடிக்குச் சொல்லிவைத்தேன். இரண்டு பக்கமும் பால் குடம், வளைவு முழுக்கப் பூ, உச்சியில் மயில் தோகை. பூக்காரரே, "இது காவடியா, தேரா?" என்று கேட்டார்.

நைனாவுக்குக் கவலை வந்துவிட்டது.

"நாலு நாளு படி ஏறிப் பாருடா. மூட்டை ஏதனா வெச்சிகினு ஏறு. காலு பழகட்டும்."

"பழகறதெல்லாம் ஒடம்பு இல்லாதவனுக்கு நைனா. நம்ம வம்சத்துக்குப் பொறக்கும்போதே வந்துடுச்சி."

"வம்சமா? எனக்கே முட்டி வலிடா," என்றார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கிருத்திகையன்று குளத்தில் முழுகிக் காவடியைத் தோளில் ஏற்றியபோது நான் சிங்கம்தான். மாமாவும் அத்தையும் தேசம்மாவும் பின்னாலேயே வந்தார்கள். முதல் மண்டபம் வரை ஒரு குறையும் இல்லை. அதன் பிறகு தொடையில் ஏதோ லேசாகத் துடித்தது. கொஞ்ச தூரத்தில் அது முட்டிக்கு இறங்கியது. பாதி மலையில் இரண்டு காலும் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டுத் தம்பாட்டுக்கு உதற ஆரம்பித்தன. நின்றுவிட்டேன். ஏற்றிய காவடியைச் சந்நிதியில் சேர்க்கும்வரை கீழே வைக்கக் கூடாது. வேறு ஆள் தோளுக்கு மாற்றினால் அம்மாவின் வேண்டுதல் போச்சு. ஏறவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் உதறிக்கொண்டே நின்றேன்.

"சாமி வந்துடுச்சிடோய்," என்று கூட்டத்தில் ஓர் அம்மாள் கத்தினாள்.

அவ்வளவுதான். பம்பைக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு முழக்கினார்கள். ஒருத்தி மஞ்சள் தண்ணீரைக் குடத்தோடு காலில் கொட்டினாள். ஒரு புண்ணியவான் என் வாயில் விபூதியைப் போட்டார். "இல்லிங்க, எனக்கு..." என்று ஆரம்பித்தேன், இருமல்தான் வந்தது. அதையும் சாமியின் உறுமல் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாமா வந்தார். படியிலேயே மண்டியிட்டுக் கைகூப்பினார்.

"அப்பா முருகா, நீயே சொல்லு. என் பொண்ண இந்தப் பையனுக்குக் குடுக்கலாமா?"

பம்பை நின்றது. எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். "குடு" என்று ஒரு வார்த்தை உறுமினால் போதும், அரக்கோணத்தான் அன்றே ஒழிந்தான். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வந்தது வேறு.

"கால் வலிக்குது மாமா."

பம்பைக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு படி முழுக்கச் சிரித்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றியவள், "அட, வெறும் கால் நடுக்கம்," என்று சலித்துக்கொண்டு அடுத்த காவடியைத் தேடிப் போனாள். மாமா வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை.

தேசம்மா எனக்கு மேல்படியில் போய் நின்று திரும்பினாள்.

"வா பாவா, இந்தப் படி."

"என்னால முடியாது தேசம்மா."

"முடியாதுன்னு சொல்லாத. இன்னும் முடியலன்னு சொல்லு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"சொல்லித்தான் பாரேன்."

எரிச்சலில் சொன்னேன், "இன்னும் முடியல." காவடி இம்மியும் இலேசாகவில்லை. ஆனால் அந்தப் படியை ஏறியிருந்தேன். அவள் அடுத்ததில் போய் நின்றாள். இப்படியே உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது, எனக்குப் பின்னால் கிளம்பியவர்கள் புளியோதரை சாப்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

காவடி செலுத்தி முடித்த பிறகுதான் மாமா பேசினார்.

"சாமி பேரச் சொல்லி 'ஆங், குடு'ன்னு சொல்லியிருந்தா நம்பிகினு குடுத்திருப்பேன். நீ சொல்லல, அது எனக்குப் புடிச்சிருக்குது. ஆனா காலு பத்தாது. அடுத்த ஆடிக் கிருத்திகைக்கு ஏறிக் காட்டு. அதுவரைக்கும் அரக்கோணத்துக்கும் நான் பதில் சொல்லல."

மறுநாளே கர்லாக் கட்டையை மூலையில் போட்டுவிட்டு மணல் மூட்டையோடு மலைக்குப் போனேன். முதல் மண்டபத்துக்கே நாக்குத் தள்ளிவிட்டது. படியோரம் தேங்காய் விற்றவர் தினமும், "இன்னா தம்பி, இன்னிக்கி எதுவரைக்கும்?" என்று விசாரிப்பார். சில நாள் நேற்றைக்கு மேல் ஒரு படி. சில நாள் நேற்றை விடக் கீழேயே உட்கார்ந்துவிடுவேன். வெட்கமாக இருந்தது. ஆனால் காலை விடச் சீக்கிரம் பழகுவது வெட்கம்தான் என்று கண்டுகொண்டேன். அந்தத் தைரியத்தில் ஏரும் பிடித்தேன். முதல் சால் பாம்பு போன தடம் மாதிரி இருந்தது. "இன்னும் நேரா வரல நைனா," என்றேன். அவர் ஆச்சரியத்தில் திட்ட மறந்துவிட்டார்.

அடுத்த கிருத்திகைக்குச் சின்னக் காவடியோடு, நின்று நின்று, நடுங்கி நடுங்கி உச்சிக்குப் போனேன். தை மாதம் கல்யாணம்.

எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பரீட்சையில் தோற்றதில்லை, இன்னும் பாஸாகவில்லை, அவ்வளவுதான். யாருக்காவது கை கால் உதறினால், "சாமி வந்துடுச்சா?" என்று கேட்பார்கள்.

இப்போது எனக்கு நைனாவின் முட்டி வலி வந்துவிட்டது (வம்சம் கொடுத்தது அது ஒன்றுதான்). போன வாரம் மாடிப்படி பாதியில் கால் உதறிற்று, நின்றுவிட்டேன். மேல்படியில் தேசம்மா நின்றுகொண்டிருந்தாள். கைகூப்பிக்கொண்டு, அவள் அப்பாவின் குரலிலேயே கேட்டாள்.

"அப்பா முருகா, என்னை இந்தப் பையனுக்குக் குடுத்தது சரிதானா?"

"இன்னும் தெரியல," என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.