விதைச்சாமியின் மஞ்சள் பை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் விதைக்கு ஜாதகம் பார்த்த ஒரு மகானின் கதை சொல்கிறேன். சிரிப்பு வந்தால் அடக்காதீர்கள்.

மகானுக்குப் பெயர் விதைச்சாமி ராஜலிங்கம். கண்டியிலிருந்து முச்சக்கர வண்டியில் வந்து, கோயில் வாசலில் கதிரை போட்டு உட்காருவார். கூட்டமோ கூட்டம்! நூலில் கட்டிய உருத்திராட்சத்தை விதைக்கு மேலே தொங்கவிடுவார். சுற்றினால் விதைக்கு உயிர் உண்டு. நின்றால் செத்த விதை. மஞ்சள் பூசிய போஞ்சி விதையை மஞ்சள் பையில் போட்டு அவரே விற்பார்; அந்தப் பைக்கு மேலே அது பம்பரமாய்ச் சுற்றும். விவசாயப் போதனாசிரியை ஷஹ்மா கொண்டுவந்த புதுரகப் போஞ்சிக்காய் விதைக்கு மேலே அசையவே அசையாது. உருத்திராட்சத்துக்குத்தான் எவ்வளவு விசுவாசம்!

வாடல் நோயைத் தாங்கும் ரகம் என்று ஷஹ்மா கூட்டம் போட்டுச் சொன்னாள். வந்தவர்கள் மூன்று பேர். துண்டுப் பிரசுரம் கொடுத்தாள். அதில் வெற்றிலை மடித்தார்கள்.

மூக்காயியும் மஞ்சள் பை வாங்கியவள்தான். போன போகத்தில் வாடல் நோய் அவள் போஞ்சியைத் தின்றுவிட்டது. இந்தப் போகமும் போனால், அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலுள்ள குத்தகை நிலத் துண்டு கைவிட்டுப் போகும். பயந்தவளுக்குச் சாமி சீக்கிரம் கிடைத்துவிடுவார்.

"நான் சொல்றத நம்ப வேணாம் மூக்காயி அக்கா," என்றாள் ஷஹ்மா. "சாமி வித பத்து, என்ட வித பத்து. ஈரத் துணியில தனித்தனியா சுத்தி வைங்க. அஞ்சாம் நாள் நீங்களே பாருங்க."

"துணிக்கு மந்திரம் ஏதும் இருக்கா மிஸ்?"

"காயாம தண்ணி தெளிங்க. அதான் மந்திரம்."

ஐந்தாம் நாள் ஷஹ்மாவின் விதையில் ஒன்பது வால் நீட்டியிருந்தன. சாமி விதையில் இரண்டே இரண்டு. மிச்சம் அழுகி நாறியது. பையில் கிடந்ததை மூக்காயி கழுவிப் பார்த்தாள். மஞ்சள் போனதும் வண்டு துளைத்த பழைய விதை பல்லிளித்தது.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. மஞ்சள் பையை இறுக முடிந்துகொண்டு, இரண்டு ஈரத் துணிகளோடு கோயில் வாசலுக்குப் போனாள்.

"நாளைக்கு நடப் போறேன் சாமி. கடைசியா ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

உருத்திராட்சம் சுழன்றது.

"அடடா, என்னா உயிரு! கொத்துக் கொத்தாக் காய்க்கும் தாயி!"

மூக்காயி முடிச்சை அவிழ்த்துக் கவிழ்த்தாள். பொலபொலவென்று உருண்டன ஆட்டுப் புழுக்கைகள்.

"இத நட்டா ஆடு காய்க்குமா சாமி?"

வாசலே வெடித்துச் சிரித்தது. அவள் துணிகளை விரித்தாள். எல்லோரும் முளையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

"பைக்கு... பைக்குத் தோஷம்..." என்று முனகிக்கொண்டே சாமி முச்சக்கர வண்டியில் ஏறினார்.

சனம் ஷஹ்மாவைத் தேடிப்போய்ச் சூழ்ந்தது. "எங்களுக்கும் பத்துப் பத்து வித குடுங்க மிஸ். சுத்தி வச்சுப் பாத்துட்டுச் சொல்றோம்."

ஷஹ்மாவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தப் போகம் ஷஹ்மாவின் விதையை நட்ட மூக்காயியின் போஞ்சிக் கம்பெல்லாம் காய் தொங்கியது; துண்டு நிலம் அவளிடமே தங்கியது.

உருத்திராட்சம் சுற்றியதைத் தோட்டமே பார்த்தது. நூலைப் பிடித்திருந்த விரலை ஒருவராவது பார்த்தார்களா? நீங்களாவது பாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுச் சட்டியில் நாளும் பச்சைக்காய் வேகட்டும். உங்கள் பிள்ளைகள் வாயில் 'ஏன்' என்ற கேள்வி ஓயாதிருக்கட்டும்.