கர்னலின் துப்பாக்கியும் உன் அக்காவின் தையல் மிஷினும்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. இங்கே நான் அவ்வளவு நலமில்லை. அங்கே நீயும், விருந்தாட வந்திருக்கும் உன் அக்காவும், போன வருஷம் நீ இரவல் வாங்கிப்போன என் குடையும் நலமென்று நம்புகிறேன். போன் செய்தால் உன் வீட்டில் எப்போதும் உன் அக்காதான் எடுக்கிறாள், அதனால்தான் கடிதம். மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படி.

பழந்துப்பாக்கி சேகரிப்போர் சங்கத்தில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். அங்கே கர்னல் என்று ஒருவர். எந்தப் படைக்குக் கர்னல் என்று யாரும் கேட்டதில்லை, அந்த மீசையைப் பார்த்தால் கேட்கத் தைரியம் வராது. ஒருநாள் வெல்வெட் துணியில் சுற்றி ஒரு கைத்துப்பாக்கி கொண்டுவந்தார். இருநூறு வருஷப் பழசாம், யாரோ ஒரு தளபதியின் இடுப்பில் இருந்ததாம். நான் என்ன இளிச்சவாயனா? முப்பத்துநாலு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் குப்பை கொட்டியவன். "பேப்பர் இருக்கா?"ன்னு கேட்டேன். எடுத்தார் பார், பதினோரு பக்கம்! கை மாறினபோதெல்லாம் ஒரு பத்திரம், பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து, முத்திரை, சாட்சி, அடித்தல் திருத்தலுக்குத் தனிக் குறிப்பு. பூதக்கண்ணாடி வைத்து மூணு மணி நேரம் பார்த்தும் ஒரு குத்தம் சொல்ல முடியலை. கண்ணுல தண்ணியே வந்துருச்சு தம்பி, என் சர்வீஸ்ல இப்படி ஒரு பத்திரத்தைப் பார்த்ததில்லை. துப்பாக்கியை அப்புறம் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் வைத்துவிட்டேன்.

"பணப் பேச்சே வேண்டாம் சார், பழசுக்குப் பழசு"ன்னார் கர்னல். வீட்டில் என்னைத் தவிர பழசு என்றால் உன் அக்காவின் தையல் மிஷின்தான். அது மரப்பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது, சாவி அவள் கைப்பையில். கர்னல் தயங்கினார். நான் உடனே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன்: கறுப்பு உடல், தங்கப் பூ வேலை, கைச்சக்கரம், நாலு பக்க எல்லை உட்பட. படித்துவிட்டு, "இந்தப் பேப்பரே போதும் சார்"னு பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார்.

நேத்து குளியலறைக் குழாய் ஒழுகுதுன்னு பிளம்பரைக் கூப்பிட்டேன். அலமாரி முன்னால நின்னவர், "சார், அரை இஞ்சு பைப்பை எதுக்குக் கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கீங்க?"ன்னார். "யோவ், அது தளபதி இடுப்புல இருந்ததுய்யா"ன்னேன். "இருக்கட்டும் சார், மரை போட்டிருக்கே"ன்னு சொல்லி, பையிலிருந்து ஒரு குழாயை எடுத்துத் துப்பாக்கி முனையில் திருகினார். கச்சிதமா உட்கார்ந்துச்சு. பதினோரு பக்கத்துல இதைப் பத்தி ஒரு வரி கிடையாது.

ஓடிப்போய்ப் பார்த்தால் கர்னல் வீடு பூட்டு. எனக்குத் துப்பாக்கி பெரிதில்லை தம்பி. உங்க அம்மா கொடுத்த மிஷின் அது. கல்யாணமாகி வந்த அன்றைக்கு உன் அக்கா வழியெல்லாம் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். ஒரு வருஷமாகக் கண் வலி என்று தைக்காவிட்டாலும் அவள் உயிர் அதில்தான் இருக்கிறது. அவள் திட்டினா வாங்கிக்குவேன், பேசாம இருந்துட்டா என்னால தாங்க முடியாது. அதனால் இடுப்புப் பிடித்துக்கொண்டது என்று நீ ஒரு பத்து நாள் படுத்துக்கொள். உன்னை அப்படி விட்டுவிட்டு அவள் கிளம்ப மாட்டாள். அதற்குள் மிஷினை எப்படியாவது கண்டுபிடித்துவிடுவேன். இந்த உலகத்தில் இனி நான் நம்புவது உன் ஒருவனைத்தான்.

குழந்தைகளுக்கு என் ஆசிகள். உன் மனைவிக்கு என் விசாரிப்பு. குடையை வெயிலில் காயப்போடாதே.

உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், வாசலில் கர்னல்! மீசை துடிக்கிறது, கையில் நம் மரப்பெட்டி, பூட்டு உடைந்து தொங்குகிறது. "உங்க எழுத்தை நம்பினேனே சார், இப்படியா மோசடி பண்ணுவீங்க?"ன்னு மூடியைத் திறந்தார். உள்ளே ரெண்டு செங்கல், எங்கள் பழைய இஸ்திரிப் பெட்டி. உடனே உன் வீட்டுக்குப் போன் போட்டேன். வழக்கம்போல உன் அக்காதான் எடுத்தாள். "மிஷினா? அது ஒரு வருஷமா தம்பி வீட்டுலதான் இருக்கு. ஒரு குடைக்கே அந்தக் குதி குதிச்சீங்க, மிஷினை இரவல் கொடுத்தேன்னா விடுவீங்களா? அதான் செங்கல்லை வெச்சுப் பூட்டினேன்"கிறா. எத்தனுக்கு எத்தன் என்பார்களே, அந்த எத்தனோடு இத்தனை வருஷமாகக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கர்னல் துப்பாக்கியைத் திருப்பிக் கேட்கிறார். எங்கே போவேன்? பிளம்பர் அதைக் குளியலறையில் மாட்டிவிட்டார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆகவே மேலே எழுதியதெல்லாம் ரத்து. நீ படுக்காதே. நாளைக்கே அவளை மிஷினோடு அனுப்பு. குடையை நீயே வைத்துக்கொள்.