பெரிய சாரும் ஒரு கரண்டி பொடியும்

'இன்னும் கொஞ்சம்' என்று ஓர் இனம் உலகத்தில் உண்டு. அதைத் தேடிக்கொண்டு நீங்கள் எங்கும் போக வேண்டாம். கையில் கரண்டியோடு அதுவே உங்களைத் தேடி வரும். ஒரு மாத்திரையில் காய்ச்சல் விட்டால், இரண்டாகப் போட்டிருந்தால் நேற்றே விட்டிருக்குமே என்று அங்கலாய்க்கும். தண்ணீர் ஊற்றிய செடி துளிர்த்துவிட்டால் தொட்டியையே குளமாக்கும். மகள் ஒரு டியூஷனில் நல்ல மார்க் வாங்கிவிட்டாளா, சந்தோஷத்தில் இன்னும் இரண்டு டியூஷனில் சேர்த்துவிட்டு, பிள்ளை ஏன் இப்படித் தூங்கி வழிகிறது என்று மனைவியிடம் கவலைப்படும். கெட்ட எண்ணமா? சேச்சே! அத்தனையும் அக்கறை.

பிளாஸ்டிக் சாமான் செய்யும் ஒரு தொழிற்சாலையின் சோதனைக்கூடத்துக்கு இந்த இனத்தைச் சேர்ந்தவர்தான் தலைவர். முகத்துக்கு நேரே பெரிய சார். முதுகுக்குப் பின்னால் இன்னும்கொஞ்சம் சார். அவருக்குக் கீழே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த ஆராய்ச்சிக்காரி ஒருத்தி, மாய்ந்து மாய்ந்து உழைத்து, கார் கதவின் கைப்பிடிக்கு ஒரு புதுக் கலவை கண்டுபிடித்திருந்தாள். கார் கம்பெனிக்காரர் அதற்குத் தலையாட்டிவிட்டால் அவள் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மாதக் கடைசியில் பையைத் தூக்க வேண்டியதுதான். "இந்தத் தடவை கட்டாயம் கிடைச்சிடும்மா" என்று அம்மாவிடம் வேறு சொல்லி வைத்திருந்தாள், பாவம்.

கலவையின் சூட்சுமம் இவ்வளவுதான். உருகிய பிளாஸ்டிக்கில் நீள நீளமான இழைகள் தாறுமாறாகக் கிடக்கும். ஆறும்போது அவை ஒழுங்காக மடிந்து அடுக்கிக்கொண்டால், அதாவது படிகமானால், பொருளுக்கு உறுதி வரும். அடுக்க ஆரம்பிக்க ஓர் இடம் வேண்டுமே? அதற்குத்தான் கண்ணுக்கே தெரியாத நானோ பொடி. நாற்காலி போட்டால் வந்தவர்கள் மளமளவென்று உட்காருவதுபோல, ஒவ்வொரு துகளையும் சுற்றிப் படிகம் உட்காரும். ஆனால் அறை முழுக்க நாற்காலியாக அடுக்கினால் ஆள் எங்கே நுழைவது? பொடி அதிகமானால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், இழைகள் நகர முடியாமல் திணறும், படிகம் அரைகுறையாக நின்றுபோகும். அவள் போட்டது துளியூண்டு. அதுதான் அவள் கண்டுபிடித்ததே.

கம்பெனிக்காரர் வருகிற அன்று காலையில், கலக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் பெரிய சார் பொடி டப்பாவோடு நின்றார்.

"போதும் சார். இதுக்கு மேல போட்டா கட்டி தட்டிடும்."

"துளியூண்டு போட்டதுக்கே இவ்வளவு உறுதின்னா, இன்னும் கொஞ்சம் போட்டா?"

"உடைஞ்சிடும் சார். நான் போட்டுப் பார்த்துட்டேன்."

"நல்ல பொருள் எப்படிம்மா கெடுதல் பண்ணும்? எல்லாம் உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று சொல்லிக்கொண்டே ஒரு கரண்டி போட்டார். அவள் முகம் வாடியதைப் பார்த்து, மனம் இளகி, இன்னொன்றும் போட்டார்.

மத்தியானம் கார் கம்பெனிக்காரர் கைப்பிடியைப் பிடித்து லேசாக இழுத்தார். படக். கதவு அப்படியே இருந்தது. கைப்பிடி மட்டும் அவர் கையோடு வந்துவிட்டது. அதை மேசைமேல் பக்குவமாக வைத்துவிட்டு, "சொல்லி அனுப்பறோம்" என்று கிளம்பிப் போனார்.

பெரிய சார் அசந்தாரா? "பொடி பத்தலை!" என்றார். உடைந்த காரணத்தைக் கண்டுபிடிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டு, திருப்தி இல்லாமல் மேலும் ஆட்களைச் சேர்க்க, அவர்கள் எல்லாரும் ஒரே நாளில் கூடவே முடியவில்லை. அதற்குள் மாதம் முடிந்துவிட்டது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசல்வரை வந்து வழியனுப்பியவர் அவர்தான், கண்கூடக் கலங்கியிருந்தது.

படிக்கிற உங்களுக்கும் வயிறு எரிகிறது அல்லவா? நல்ல மனசு உங்களுக்கு. ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். 'உடைஞ்சிடும்' என்று அவள் அத்தனை தெளிவாகச் சொன்ன பிறகும், "அந்தப் பெண் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே" என்று உங்களுக்குத் தோன்றியதா, இல்லையா?

தோன்றியதா? அந்தக் கரண்டியைக் கீழே வையுங்கள்.