மணப்பெண்ணாகப் போன தேரை

படித்த படிப்பு வேலைக்கு உதவாமல் போனால் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை. அது கல்யாணத்துக்கு உதவ வரும்போதுதான் ஆபத்து. நான் விலங்கியல் பட்டதாரி. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பம்ப் கம்பெனியில் ரப்பர் வாஷரின் விட்டம் அளந்துகொண்டிருந்தேன். மூன்று வருடம் தவளையைப் படித்தவனுக்கு நாடு செய்த மரியாதை அது.

அந்தச் சமயத்தில் ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பெயர் கோமதி. எனக்குப் பிடித்துப்போனது. (எவ்வளவு பிடித்தது என்று எழுத மாட்டேன், அவள் படித்துவிடுவாள்.) அவளுக்கும் பிடித்தது. அவள் அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. சொந்த நிலத்தில் நெல் போடுகிற மனிதர். வாஷர் அளக்கிறவனை எந்த ரகத்தில் சேர்ப்பதென்று அவருக்குப் புரியவில்லை. "ஆடி போவட்டும், பாப்போம்" என்று இழுத்துக்கொண்டிருந்தார்.

ஆடி வந்தது, மழை வரவில்லை. மழைக்காகத் தவளைக் கல்யாணம் நடத்துவதென்று ஊர் கூடி முடிவெடுத்தது. (ஆடியில் கல்யாணம் கூடாது என்ற விதி எனக்கு மட்டும்தான்போல, தவளைக்கு இல்லை.) மாப்பிள்ளைத் தவளை உள்ளூர்க் கிணற்றிலேயே கிடைத்துவிட்டது. பெண் வெளியூரிலிருந்து வரவேண்டுமாம். கோமதியின் அப்பா எனக்கு போன் போட்டார்.

"தம்பி, நீ தவள படிப்புதான படிச்சிக்கீற? நல்லதா ஒரு பொண்ணு தவள புடிச்சிக்கினு வா. வெள்ளிக்கெழம காலைல முகூர்த்தம்."

என் பட்டத்தை மதித்து ஒருவர் வேலை சொன்னது அதுதான் முதல் தடவை. "ஒண்ணு இன்னா மாமா, பத்து கொண்டாறேன்" என்று அளந்துவிட்டேன்.

பத்து இருக்கட்டும், ஒன்றுகூட இல்லை. குளம் குட்டையெல்லாம் வெடித்துக் கிடந்தன. கடைசியில் எங்கள் கேன்டீனுக்குப் பின்னால், கை கழுவும் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒன்று உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் சொரசொரவென்று மரு, குட்டைக் கால், ஷிப்ட் சூப்பர்வைசரின் முகபாவம். அது தேரை. எனக்கு நன்றாகவே தெரியும். பருமனைப் பார்த்துப் பெண் என்றும் கண்டுபிடித்தேன். தேரையும் அறிவியல்படி தவளைதானே என்ற தெம்பில் டிபன் டப்பா மூடியில் ஓட்டை போட்டு, அதில் மணப்பெண்ணை உட்காரவைத்து, பைக்கில் கிளம்பினேன்.

பிள்ளையார் கோயில் வாசலில் ஊரே நின்றது. மாப்பிள்ளைத் தவளை குளித்துப் பளபளவென்று பித்தளைச் சட்டியில் காத்திருந்தது. மஞ்சள் பூச டப்பாவைத் திறந்த கோமதியின் அத்தை அலறினார்.

"ஐயையோ! இன்னா இது, தேரயக் கொண்டாந்துக்கிறான்!"

புத்தியுள்ளவன் மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் பாடம் எடுத்தேன். "அத்த, தவளை, தேரை எல்லாமே வாலில்லாத இருவாழ்விங்கிற ஒரே வரிசை. அந்த வரிசைக்குள்ள நெறைய குடும்பம் இருக்குது. அதுல ஒரு குடும்பம்தான் தேரை. அதனால எல்லாத் தேரையும் தவளைதான். எல்லாத் தவளையும் தேரை இல்ல."

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார்: "அப்ப ரெண்டும் பங்காளிங்களா? பங்காளிக்குள்ள எப்பிடிப்பா கல்யாணம் கட்றது?"

இந்தக் கேள்வி எந்தப் பரீட்சையிலும் வந்ததில்லை. "ரொம்ப தூரத்து ஒறவுங்க. பல கோடி வருசம் முன்னாடியே தனிக்குடித்தனம் போயிட்டாங்க" என்று சமாளித்தேன். முகூர்த்தம் தப்பிக்கொண்டிருந்ததால் கோமதியின் அப்பா அரைமனதாகத் தலையாட்டினார். மஞ்சள் கயிறு சுற்றினார்கள். பூசாரி தேங்காயை உடைத்தார்.

உள்ளே பருப்பே இல்லை. வெறும் ஓடு.

தேரை மோந்தால் தேங்காய் இப்படித்தான் ஆகும் என்பது ஊரறிந்த நம்பிக்கை. எல்லோரும் தேங்காயைப் பார்த்தார்கள், பிறகு தேரையை, பிறகு என்னை. "மாமா, இது மகரந்தச் சேர்க்கையில வர்ற கொறபாடு..." என்று மறுபடி வாயைத் திறந்தேன்.

"தம்பி, எல்லா மாப்ளயும் ஆம்பளதான். எல்லா ஆம்பளயும் மாப்ள இல்ல. கெளம்பு" என்றார் அவர்.

நான் நடத்திய பாடத்தை அந்த ஊரில் சரியாகப் புரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான். காலி டப்பாவோடு நின்றேன். நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. கோமதி இல்லாத வாழ்க்கையை நினைக்கவே முடியவில்லை.

அப்போது பெண்கள் பக்கமிருந்து கோமதியின் குரல் கேட்டது. "நைனா, தேங்கா நீ நேத்து சந்தையில வாங்கினு வந்தது. தேர இப்பதான வந்துச்சு. டப்பாக்குள்ள குந்திக்கினு அது எப்ப போயி மோந்துச்சு?"

 மூன்று வருடம் படித்த எனக்கும் இது தோன்றவில்லை என்பதை இங்கே அடக்கத்துடன் குறிப்பிடுகிறேன். அவள் அப்பா தேங்காய் ஓட்டை ஓரமாகப் போட்டார். "பொண்ணு மாப்ளய ஏரிப் பக்கம் உட்டுட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு, என்னையும் சாப்பிடக் கூப்பிட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். புதுமணத் தம்பதி ஆளுக்கொரு திசையில் போய்விட்டதாகக் கேள்வி.

மழை உடனே வரவில்லை. ஆவணியில், எங்கள் கல்யாணத்தன்று, பந்தலைப் பிய்த்துக்கொண்டு வந்தது. கொண்டுவந்தது தேரையாக இருந்ததால்தான் மழை லேட் என்று ஊரில் தீர்ப்பானது.

இன்றைக்கும் மாமனார் வீட்டில் தேங்காய் உடைக்கும்போது, "மாப்ள, கொஞ்சம் வெளிய நில்லு" என்று மரியாதையாகச் சொல்வார்கள். போன மாதம் புது டிராக்டருக்குப் பூஜை. வழக்கம்போல நான் தெருமுனையில் நின்றேன். தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. கோமதி சிரித்துக்கொண்டே ஒரு மூடியைத் தூக்கிக் காட்டினாள்: வெள்ளை வெளேரென்று பருப்பு.

"பாத்தியா?" என்றார் மாமனார், ஊருக்கே கேட்கும்படி.